கூமுட்டை என்று நான் எழுதியது

சேலத்தில் நான் வேலை பார்த்த நாளிதழில் வியாழக்கிழமைதோறும் அரைப்பக்கம் அறிவியலுக்கு ஒதுக்குவது என்று முடிவானபோது, பொறுப்பாசிரியர் எங்கள் மேசைகளைப் பார்த்து, "இங்க யாருப்பா சயின்ஸ் படிச்சது?" என்று கேட்டார். எழுபதுகளின் கடைசி அது. செய்திப் பிரிவில் ஆறு பேர் இருந்தோம். இரண்டு பேர் தமிழ் இலக்கியம், இரண்டு பேர் வரலாறு, ஒருவர் எதையுமே முடிக்கவில்லை. நான் பி.எஸ்ஸி. கணிதம். கணிதம் படித்தவனுக்குத் தவளையின் இதயத்தில் எத்தனை அறை என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.

"பட்டத்துல சயின்ஸ்னு போட்டிருக்கா, இல்லையா?"

போட்டிருந்தது. அத்துடன் பேச்சு முடிந்தது.

எப்படி எழுதுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. தபாலில் வரும் ஆங்கிலக் கட்டுரைத் தாள்களை ஒரு கனத்த அகராதியை வைத்துக்கொண்டு தமிழாக்குவேன். இரண்டு மாதத்தில் எனக்கென்று சில பழக்கங்கள் படிந்துவிட்டன. கிருமி எதுவானாலும் 'கண்ணுக்குத் தெரியாத எதிரி'. கணிப்பொறி என்றால் 'மனித மூளையை மிஞ்சும் இயந்திரம்'. நான் அதுவரை ஒரு கணிப்பொறியைக்கூடப் பார்த்ததில்லை. மூளையையும் பார்த்ததில்லை. ஒரு விஷயம் எனக்குப் புரியாவிட்டால் அதன் முன்னால் 'விஞ்ஞானிகள் கூறுகிறார்கள்' என்று சேர்த்துவிடுவேன். அதன் பிறகு புரியாதது என் குற்றமில்லை, விஞ்ஞானிகளின் குற்றம்.

பொறுப்பாசிரியருக்கு ஒரே ஒரு கொள்கை. "கடைவீதியில நிக்கிறவனுக்குப் புரியணும்" என்பார். அதற்காக நான் எல்லாவற்றையும் நம் ஊர்ப் பொருள்களால் அளக்கத் தொடங்கினேன். நிலவுக்குப் போன ராக்கெட்டின் உயரம் எத்தனை லாரிகளை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தினால் வரும் என்று கணக்குப் போட்டு எழுதினேன். என் கணிதப் பட்டம் பத்திரிகைக்குப் பயன்பட்டது அந்த ஒரு தடவைதான். திருச்செங்கோட்டிலிருந்து ஒரு லாரி டிரைவர் தபால் அட்டை போட்டிருந்தார். லாரியை நெட்டுக்கு நிறுத்தினீர்களா, படுக்கையாகவா, லோடு ஏற்றியா, காலியா என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். பதில் எழுதவில்லை.

எங்கள் கம்பாசிட்டர் ஐம்பதைத் தாண்டியவர். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோப்பவர் என்பதால், நீளமான சொல்லின் பாரம் அவர் விரலுக்குத்தான் தெரியும். "இந்த வாரமும் எழுத்துப் பெட்டியைக் காலி பண்ணிட்டீங்க" என்று அலுத்துக்கொள்வார். தனக்குப் புரியாத சொல்லைத் தனக்குப் புரிந்த சொல்லாக மாற்றிக் கோத்துவிடுவதும் அவர் வழக்கம். அப்படித்தான் ஒருமுறை ஒளிச்சேர்க்கை, ஒலிச்சேர்க்கை ஆனது. செடிகள் ஒலியைக் கொண்டு உணவு தயாரிப்பதாகக் கட்டுரை முழுக்க அச்சாகிவிட்டது. புரூஃப் படித்தது நான்தான். எனக்கே அது சரியாகப் பட்டிருக்கிறது. பனமரத்துப்பட்டிக்காரர் ஒருவர் அலுவலகத்துக்கு வந்து, மஞ்சள் தோட்டத்தில் எத்தனை மணி நேரம் ரேடியோ வைக்கலாம் என்று விசாரித்துவிட்டுப் போனார்.

இப்படியாக ஒருவருக்கும் பெரிய சேதமில்லாமல் அந்த அரைப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. முட்டை விவகாரம் வரும்வரை.

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பிக்கொண்டிருந்த காலம். வெள்ளைக் கோழி, வெள்ளை முட்டை. சேலம் சந்தையில் அந்த முட்டை வந்து குவிந்தது. ஆனால் ஊரில் அதைப்பற்றி ஒரு சந்தேகமும் கூடவே குவிந்தது. சேவலே இல்லாமல் போடுகிற முட்டையாம், ஊசி குத்தி வரவழைக்கிறார்களாம், உண்மையில் அது முட்டையே இல்லையாம். நான் சாப்பிட்ட மெஸ்ஸில் புதன்கிழமைதோறும் ஒரு முட்டை வைப்பார்கள். அதை உடைத்து மோந்து பார்த்துவிட்டு ஒதுக்கி வைப்பவர்கள் இருந்தார்கள்.

"நாமக்கல் போய்ப் பார்த்து எழுது" என்றார் பொறுப்பாசிரியர். அவர் பிறவியிலிருந்து சைவம். முட்டை என்ற சொல்லை உச்சரிக்கும்போதே முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொள்வார்.

நாமக்கல்லில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, கணவனும் மனைவியுமாக நடத்திய ஒரு பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தேன். கணவர் பல வருடம் லாரி வைத்திருந்தவர். லாரியை விற்றுவிட்டுத் தோட்டத்தில் இரண்டு கொட்டகை போட்டிருந்தார். கோழிகளைப் பார்த்துக்கொண்டதெல்லாம் அவர் மனைவி. முப்பது வயதிருக்கும். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, உமி பரப்பிய தரையில் கோழிகளை விலக்கி விலக்கி முட்டை எடுத்துக்கொண்டிருந்தார். நான் பேப்பரிலிருந்து வருவதாகச் சொன்னதும் கூடையை இறக்கி வைத்தார்.

"இங்க சேவல் எங்கேங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"சேவல் இல்லீங்க."

"ஒண்ணுகூடவா?"

"எதுக்குங்க? அது வேற தீவனம் திங்கும்."

இதற்குமேல் கேட்க வேண்டியதை ஒரு பெண்ணிடம் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. பென்சிலை உருட்டிக்கொண்டு நின்றேன். கணவர் உதவிக்கு வந்தார். "அதாவதுங்க, வண்டி இருக்குது. டிரைவர் இல்லாட்டியும் இஞ்சின் ஓடுமில்லீங்க, ஆனா வண்டி நகராது. அந்த மாதிரின்னு வெச்சுக்கோங்க" என்றார்.

"நீங்க சித்த சும்மா இருங்க" என்றார் மனைவி. பிறகு என்னைப் பார்த்து, "சந்தையில பொம்பளைங்க இது முட்டையே இல்லீங்கறாங்க. கேக்கறப்ப வவுறு எரியுதுங்க. நல்லபடியா ரெண்டு வார்த்தை எழுதிப் போடுங்க சாமி. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றார்.

எங்கள் தம்மம்பட்டிப் பக்கம் என்னைவிட மூத்தவர்கள் என்னைச் சாமி என்று கூப்பிட்டதில்லை. அந்த ஒரு வார்த்தையில் நான் கொஞ்சம் உயர்ந்துபோனேன். திரும்பி வரும் பஸ்ஸிலேயே தமிழ்நாட்டின் முட்டைச் சந்தேகம் முழுவதையும் தீர்த்துவைப்பது என்று முடிவு செய்தேன்.

எழுத உட்கார்ந்தபோதுதான் சொல் பஞ்சம் தெரிந்தது. சேவலும் கோழியும் சேர்வதைச் சொல்லாமல், சேராததைச் சொல்ல முடியாது. நான் எழுதியிருந்த உயிரியல் சொற்கள் எல்லாவற்றையும் பொறுப்பாசிரியர் சிவப்பு மையால் அடித்தார். "குடும்பத்துல படிக்கிற பேப்பர்ப்பா" என்றார். அடித்த இடங்களில் அவரே மாற்றுச் சொற்கள் எழுதினார். அவர் கைபட்ட பிறகு வாக்கியம் இப்படி இருந்தது: 'சேவலின் ஒத்துழைப்பு இன்றியே கோழி தன் கடமையை ஆற்றுகிறது.' ஏதோ கூட்டுறவு சங்க அறிக்கை மாதிரி இருந்தது. ஆனால் ஆபாசம் இல்லை.

அடுத்து, அப்படிப்பட்ட முட்டைக்கு என்ன பெயர்? கருவுறாத முட்டை என்று எழுதினேன். கொஞ்சம் வறட்சியாகப் பட்டது. மக்கள் மொழியில் ஒரு சொல் இருக்கும் என்று அகராதியைப் புரட்டினேன். இருந்தது. குஞ்சு பொரிக்காத முட்டை: கூமுட்டை. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. நம் கிராமத்துக்காரன் என்றைக்கோ கண்டுபிடித்து வைத்த விஞ்ஞானச் சொல். 'நம் வழக்கில் கூமுட்டை என்று சொல்லப்படுவதும் இதுவே' என்று கட்டுரையின் ஆறாவது பத்தியில் பெருமையாகச் சேர்த்தேன்.

கம்பாசிட்டர் கைப்பிரதியோடு என் மேசைக்கு வந்தார். "கூமுட்டைன்னு போடறீங்களே, சரிங்களா?"

அகராதியைத் திறந்து காட்டினேன். அவர் அகராதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

அன்று மாலை தலைப்புப் போட்டது பொறுப்பாசிரியர். கட்டுரையில் அவருக்குப் பிடித்த ஒரே சொல் அதுதான். சிறியது. மூன்று பத்தி அகலத்துக்குக் கொட்டை எழுத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. வியாழக்கிழமை காலை சேலம், நாமக்கல், ஆத்தூர் வட்டாரம் முழுவதும் அதைத்தான் படித்தது: 'பண்ணை முட்டை கூமுட்டையே: விஞ்ஞானிகள் விளக்கம்'.

எங்கள் பக்கத்தில் ஒருவன் மக்கு என்பதற்குக் கூமுட்டை என்று சொல்வார்கள். முட்டையையே கூமுட்டை என்று சொன்னால் அது அழுகியது என்றுதான் பொருள். இது எனக்குத் தெரியாததா? நன்றாகவே தெரியும். அதே சொல்லால் பள்ளிக்கூடத்தில் எத்தனையோ தடவை திட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் அகராதியில் பார்த்தவுடன் அதை விஞ்ஞானச் சொல் என்று நினைத்துவிட்டேன். தெரிந்த சொல்லை மறக்கடிக்க அகராதியைப் போல வேறொன்று இல்லை.

சனிக்கிழமை காலை பண்ணைக்காரத் தம்பதி அலுவலகத்துக்கு வந்தார்கள். கணவர் கையில் ஓர் அட்டை முட்டை, முப்பது. சத்தம் போடவில்லை. பொறுப்பாசிரியர் மேசையில் அட்டையை வைத்துவிட்டுக் கணவர் ஓரமாக நின்றுகொண்டார். மனைவிதான் பேசினார்.

"ஏனுங்க, நீங்க பெரியவுங்க. ஒரு டம்ளர் குடுங்க."

என்ன நடக்கப்போகிறது என்று புரியாமல் பொறுப்பாசிரியர் தண்ணீர் குடிக்கும் தன் சொந்த டம்ளரைக் கொடுத்தார். அந்தப் பெண் ஒரு முட்டையை எடுத்து மேசை விளிம்பில் தட்டி, டம்ளரில் ஊற்றி, அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"மோந்து பாருங்க."

"இல்லம்மா, நான் சைவம்."

"திங்கச் சொல்லலீங்க. மோந்துதான் பாக்கச் சொல்றேன். கூமுட்டையான்னு சொல்லுங்க."

பொறுப்பாசிரியர் மூக்கை டம்ளருக்கு ஒரு சாண் தூரத்தில் நிறுத்தி, "நல்லாத்தான் இருக்கு" என்றார். அவர் வாழ்க்கையில் அந்த வாக்கியத்தைச் சொல்வார் என்று நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார். இந்த முறை சாமி இல்லை. "உங்களைக் கூப்பிட்டு உக்கார வெச்சு மோர் குடுத்தேன். நேத்து ஏவாரி வந்து, பேப்பர்காரனே சொல்லிட்டான், இனி எடுக்க முடியாதுங்கறான். என்னங்க எழுதியிருக்கீங்க?"

நான் அகராதியைத் திறந்து காட்டப் போனேன். என் கை பாதி வழியில் நின்றது. அவர் முகத்தைப் பார்த்த பிறகு அந்தப் புத்தகத்தைத் திறக்க முடியவில்லை.

"தப்புதாங்க" என்றேன்.

"தப்புன்னா திருப்பி எழுதுங்க" என்று சொல்லிவிட்டு இருவரும் கிளம்பினார்கள். முட்டை அட்டையைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. கம்பாசிட்டர் அதை வீட்டுக்கு எடுத்துப் போனார். திங்கட்கிழமை வந்து, "ஒண்ணுகூடச் சோடை இல்லீங்க" என்று எல்லோரும் கேட்கச் சொன்னார். எனக்காகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

அடுத்த வியாழக்கிழமை மறுப்புக் கட்டுரை எழுதினேன். பயந்துபோனவன் எழுதினால் எப்படி இருக்கும்? போன வாரம் ஒரு பக்கம் சாய்ந்த தராசை இந்த வாரம் மறுபக்கம் முழுக்கச் சாய்த்தேன். பண்ணை முட்டை உத்தமமானது, சத்தானது, தூய்மையானது. கடைசிப் பத்தியில், 'நாட்டுக்கோழி முட்டைக்கும் பண்ணை முட்டைக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. அதில் உள்ளதெல்லாம் இதிலும் உண்டு' என்று முடித்தேன். நாமக்கல்லிலிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. 'வியாபாரி திரும்ப வந்துவிட்டான்' என்று ஒரே வரி. பொறுப்பாசிரியர் புது டம்ளர் வாங்கிக்கொண்டார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

சரியாக ஒரு மாதம் கழித்து வெண்ணந்தூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். நாற்பது வயது இருக்கும். நெசவுக் குடும்பம். இடுப்பில் ஒரு மூங்கில் கூடை, அதன்மேல் ஈரத்துணி. அறிவியல் பக்கம் எழுதுகிறவரைப் பார்க்க வேண்டும் என்றார். என்னைக் காட்டினார்கள். அவர் கூடையை என் மேசையில் வைத்துத் துணியை விலக்கினார். பதினோரு வெள்ளை முட்டைகள்.

"ஏனுங் தம்பி, வித்தியாசமே இல்லைன்னு நீங்கதானுங்க எழுதினது?"

ஆமாம் என்றேன்.

"அந்த வெள்ளைக் கோழி தெனம் ஒரு முட்டை போடுதாமில்ல. நாமளும் வளத்தலாம்னு இராசிபுரம் சந்தையில பதினொண்ணு பொறுக்கி வாங்கி, எங்க செவலைக் கோழிக்கு அடை வெச்சனுங்க. இடிக்குக் கெடாம இருக்கோணும்னு கரித்துண்டு, இரும்பு ஆணி எல்லாம் போட்டு வெச்சன். இருபத்தோரு நாள். ஒண்ணும் அசையலீங்க. சரி, மந்தமா இருக்கும்னு இன்னும் நாலு நாள் உட்டன். வெதுவெதுன்னு தண்ணியில மெதக்க உட்டும் பாத்தன். ம்ஹூம்."

நான் கூடையில் இருந்த முட்டைகளை எண்ணினேன்.

"அதுல இருக்கறதெல்லாம் இதுலயும் இருக்குதுன்னு போட்டிருந்தீங்க. குஞ்சு மட்டும் எங்கேங்க போச்சு?"

பொறுப்பாசிரியர் தன் அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சென்ற முறை நடந்தது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "அம்மா, தயவுசெஞ்சு உடைக்காதீங்க" என்றார்.

"நான் எதுக்குங்க ஒடைக்கறேன்? எனக்குத் தெரியாதுங்களா இது என்னாயிருக்கும்னு?" என்றார் அந்த அம்மா.

அவர் உடைக்கவில்லை. கூடையை மேசையிலிருந்து ஓரமாக எடுத்து வைக்கலாம் என்று நான்தான் தூக்கினேன். ஒன்று உருண்டது. அதைப் பிடித்தேன். என் கையிலேயே வெடித்தது. அகராதி சொன்ன அந்தச் சொல்லின் முழுமையான பொருளை நான் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். செய்திப் பிரிவு ஐந்து நிமிடத்தில் காலியானது. கம்பாசிட்டர் மட்டும் எழுத்துப் பெட்டியை விட்டு நகராமல், துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு கோத்துக்கொண்டிருந்தார்.

வாசலில் குழாயடியில் கை கழுவிக்கொண்டே அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவருக்குக் கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது. என் சட்டையைப் பார்த்தால் யாருக்கும் இறங்கியிருக்கும்.

"அந்தப் பக்கத்தை நீங்க தவறாமப் படிப்பீங்களா?" என்று கேட்டேன்.

"நான் அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்கறனுங்க. எங்கூட்டுக்காரர் தறியில இருக்கறப்ப நான் பேப்பரைச் சத்தமாப் படிச்சுக் காட்டுவன். கொலை, தேர்தல் எல்லாம் நல்லாப் போகும். உங்க பக்கம் வந்தாத்தான் நாக்கு சுளுக்கிக்கும். இருந்தாலும் விடறதில்லீங்க. காசு குடுத்து வாங்கின பேப்பரில்லீங்களா."

எனக்கு அன்றுதான் உறைத்தது, என் கட்டுரையை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை வாய்விட்டுப் படிக்கிற ஒருவர் உலகத்தில் இருக்கிறார் என்று. நானே அப்படிப் படித்ததில்லை.

மூன்றாவது கட்டுரை எழுத வேண்டும் என்று நான் கேட்டபோது பொறுப்பாசிரியர், "ஒரு முட்டைக்கு எத்தனை தடவைப்பா?" என்றார். ஆனால் தடுக்கவில்லை. அந்த வார விடுமுறை நாளில் கைப்பிரதியை எடுத்துக்கொண்டு வெண்ணந்தூருக்குப் போனேன். அடித்தல் திருத்தல் இல்லாமல் நல்ல எழுத்தில் எழுதி வைத்திருந்தேன்.

வீட்டுக்குள் பாதி இடம் குழித்தறி. கணவர் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். மெலிந்த மனிதர். என்னைப் பார்த்துத் தலையசைத்தாரே தவிர கையை நிறுத்தவில்லை. கூடத்து மூலையில் செவலைக் கோழி வெறும் கூடையில் இன்னும் அடையில் உட்கார்ந்திருந்தது. எழுப்பி விட்டாலும் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்கிறதாம். நான் அந்தப் பக்கம் பார்ப்பதைத் தவிர்த்தேன்.

"எப்பவும் படிக்கிற மாதிரியே படிங்க. எனக்காக மாத்தாதீங்க" என்று தாள்களைக் கொடுத்தேன்.

அந்த அம்மா பாவு நூல் சுற்றிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டுப் படிக்க ஆரம்பித்தார். தறி சடக், சடக் என்று ஓடியது. இரண்டாவது வரியில் 'கருவுறாத முட்டை' வந்தது. தறி நின்றது.

"என்னது?" என்றார் கணவர்.

"கருவுறாத முட்டை."

"கரு இல்லாத முட்டையா? ஒடைச்சா மஞ்சக்கரு இருக்குதே. வெள்ளைக்கருவும் இருக்குது. இல்லைன்னு எப்படிங்க எழுதறீங்க?"

ஒன்றரை மாதமாக அந்தச் சொல்லை நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். கரு என்றால் தமிழ்நாட்டில் முட்டைக்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறைகூட யோசிக்கவில்லை. எத்தனை பேர் மஞ்சள் கரு இல்லாத முட்டையைத் தேடிப் பார்த்தார்களோ. அந்தச் சொல்லைப் பென்சிலால் அடித்தேன். தறி மறுபடி ஓடியது.

நான்காவது வரியில் அந்த அம்மா ஒரு சொல்லை விழுங்கிவிட்டுத் தாண்டினார். எந்தச் சொல் என்று பார்த்தேன். பொறுப்பாசிரியர் அடித்துவிடுவார் என்று தெரிந்தும் நான் பிடிவாதமாகத் திரும்ப எழுதியிருந்த உயிரியல் சொல். கணவரிடம்கூட வாய்விட்டுப் படிக்கக் கூசுகிற சொல்லை ஊருக்கே அச்சடித்துக் கொடுப்பதில் அர்த்தமில்லை என்று அதையும் அடித்தேன்.

"சேவல் ஒத்துழைப்பு" என்று வந்த இடத்தில் தறி நிற்கவில்லை. கணவர் சிரித்ததில் நூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாடாதான் தடம் மாறியது.

"நீங்க இதை எப்படித்தாங்க சொல்வீங்க?" என்று இருவரையும் பார்த்துக் கேட்டேன்.

அந்த அம்மா தாளைப் பார்த்தபடியே, "சேவ மிதிக்கறதுன்னு சொல்லுவமுங்க. மிதிச்ச முட்டை பொரிக்கும். மிதிக்காட்டி எப்படிப் பொரிக்கும்?" என்றார். பிறகு சற்று யோசித்து, "அந்தப் பண்ணையில சேவலே இல்லீங்களா?" என்றார்.

"இல்லீங்க."

"அதை மொதல்லயே எழுதியிருந்தா நான் ஏனுங்க அடை வெக்கறேன்?"

எழுதியிருந்தேன். முதல் கட்டுரையின் மூன்றாவது பத்தியில், ஒத்துழைப்பு, கடமை, இயற்கை நியதி எல்லாவற்றுக்கும் நடுவில்.

பகல் முழுக்க அங்கேயே இருந்தேன். தறி பதினைந்து தடவையாவது நின்றிருக்கும். கம்பங்கூழ் கொடுத்தார்கள். எல்லாவற்றிலும் அவர்கள் சொன்னதை நான் கேட்டேன் என்று சொல்ல மாட்டேன். இரும்பு ஆணியும் கரித்துண்டும் கட்டுரையில் வர வேண்டும் என்று அந்த அம்மா பிடிவாதமாக இருந்தார். இடிக்கும் முட்டைக்கும் தொடர்பில்லை என்று நான் விளக்கினேன். "ஆணி போடாம வெச்சுப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்புறம்?" என்றார். அந்த விவாதத்தில் நான் ஜெயித்ததாக இன்றுவரை நினைக்கவில்லை. ஆணியை மட்டும் சேர்க்கவில்லை.

மிஞ்சியது நான்கு சிறு பத்திகள். பண்ணையில் சேவல் கிடையாது. சேவல் மிதிக்காவிட்டாலும் கோழி முட்டை போடும். அந்த முட்டை நல்ல முட்டை, அழுகியதல்ல. உள்ளே மஞ்சளும் வெள்ளையும் இருக்கும், குஞ்சு மட்டும் உண்டாகாது. தலைப்பு: 'தின்ன ஆகும், அடைக்கு ஆகாது'.

பொறுப்பாசிரியர் அதை இரண்டு முறை படித்தார். சிவப்புப் பேனாவைத் திறந்தார். மிதிப்பது என்ற சொல்லின்மேல் பேனா கொஞ்ச நேரம் நின்றது. அவர் சேலம் டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர். "எதுக்குப்பா மிதிக்குது? கோழி பாவமில்லையா?" என்றார். ஆபாசம் எதுவும் கண்ணில் படாததால் விட்டுவிட்டார். "ஆனா இதுல விஞ்ஞானி எங்கே? ஒருத்தர்கூடக் காணோமே" என்றுதான் குறைப்பட்டார். கம்பாசிட்டர் அரை மணி நேரத்தில் கோத்து முடித்தார். பிழை ஒன்றுகூட இல்லை.

வியாழக்கிழமை வெளிவந்தது. வெள்ளி, சனி, திங்கள் என்று தபாலுக்காகக் காத்திருந்தேன். ஒரு கடிதம் வரவில்லை. ஒருவர் வந்து கேள்வி கேட்கவில்லை, முட்டை உடைக்கவில்லை. "என்னப்பா, யாருமே படிக்கலையா?" என்றார் பொறுப்பாசிரியர். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. பத்து நாள் கழித்து நாமக்கல் பண்ணைக்காரர் சேலத்துக்கு ஏதோ வேலையாக வந்தவர் அலுவலகத்துக்குள் எட்டிப் பார்த்தார். "சரியா இருக்குதுங்க. எங்கூட்ல ஒண்ணும் சொல்லலீங்க" என்றார். அவர் மனைவி ஒன்றும் சொல்லாததை ஒரு பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

அதிலிருந்து கட்டுரைகளை வெண்ணந்தூருக்கு எடுத்துப் போவது என்று வைத்துக்கொண்டேன். மூன்று நான்கு கட்டுரைகள் அப்படிப் போயின. அம்மை ஊசி, மின்னல், சர்க்கரை நோய். செவலைக் கோழி அதற்குள் பக்கத்து வீட்டு முட்டைகளை அடைகாத்து ஒன்பது குஞ்சுகளோடு வாசலில் திரிந்துகொண்டிருந்தது. அடுத்து ஒரு சூரிய கிரகணம் வருவதாக இருந்தது. பெரிய கட்டுரை. ஒரே இரவில் எழுதி முடிக்காமல், பொறுமையாக மூன்று நாள் எழுதினேன். சுற்றுப்பாதை, நிழற்கூம்பு, கோணம் என்று நிறைய வந்துவிட்டன. பரவாயில்லை, தறி நிற்கும் இடத்தில் அடித்துக்கொள்ளலாம் என்று பஸ் ஏறினேன்.

போய்ப் பார்த்தால் வீட்டில் ஒரே பரபரப்பு. கல்யாணச் சேலைகள் அவசரமாக முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த அம்மா நூல் சுற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னைக்கு ஆகாதுங் தம்பி. ஒரு வாரம் கழிச்சு வாங்க. அப்ப நிதானமாப் பாக்கலாம்."

"கிரகணம் அதுக்குள்ள முடிஞ்சிருமுங்க."

"அப்ப நீங்களே போட்டுருங்க. இந்த ஒரு வாரம் நாங்க உங்க பக்கத்தைப் படிக்காம விட்டுடறோம்" என்றார். கணவர் தறியிலிருந்து தலையை மட்டும் அசைத்தார்.

கட்டுரையை அப்படியே கொடுத்தேன். அப்படியே அச்சானது. திங்கட்கிழமை ஒரு கடிதம் வந்தது. ஒரு கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் எழுதியிருந்தார். 'இத்தனை நாளில் தங்கள் அறிவியல் பகுதியில் வந்த மிகச் சிறந்த கட்டுரை இதுவே. இனியும் இந்தத் தரத்தைக் காப்பாற்றுங்கள்' என்று பாராட்டி, கீழே பட்டங்களோடு கையெழுத்துப் போட்டிருந்தார். பொறுப்பாசிரியர் அதை எல்லோருக்கும் படித்துக் காட்டிவிட்டு, அறிவிப்புப் பலகையில் நான்கு மூலையிலும் குண்டூசி குத்தி மாட்டினார். இரண்டு வருடம் அது அங்கேயே இருந்தது. வருகிறவர்கள் எல்லோரும் அதை நின்று படித்துவிட்டு, என்னை ஒரு மரியாதையோடு பார்த்துவிட்டுப் போவார்கள்.